ஈரத்துண்டுக்குப் பிடிபடாத காற்று

ஐஸ் கம்பெனி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளா, தங்கச்சிகளா, கம்ப்ரசரை எப்படி ஓட்டுவது, உப்புத்தண்ணித் தொட்டியை எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்களுக்குப் படம் போட்ட புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். பிரித்தாவது பார்த்தீர்களா என்பது வேறு விஷயம். நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கழுத்தில் கிடக்கிற துண்டைப் பற்றி.

மண்டபம் கரையில் எந்த ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இந்தத் துண்டைப் பார்க்கலாம். ஷிப்ட் ஏறியதும் குழாயடியில் நனைத்து, பிழிந்து, கழுத்தில் போட்டுக்கொள்வோம். காய்ந்தால் மறுபடி நனைப்போம். வெயிலுக்காக என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இங்கே ஐஸ் உறைவது அமோனியாவால். அது கசிந்தால் கண்ணைப் பிடுங்கும், தொண்டையை நெரிக்கும். அப்போது ஈரத்துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடுகிறவன் பிழைப்பான். இப்போது முதுகில் மாட்டும் மூச்சுக்கருவியெல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் துண்டு போகவில்லை, அது இந்தக் கரையின் பழக்கம்.

அந்தத் துண்டு என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதே மாதிரி ஒரு துண்டை நம்பித்தான் என் சிநேகிதன் நைனா செத்துப்போனான். இரண்டு தடவையும் ஈரத்துண்டுதான், மூக்குக்கு முன்னால் வந்த காற்றுதான் வேறு. இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. நடுவில் எங்காவது என் எழுத்து தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைனா பெரியபட்டினத்துக்காரன். சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, "அங்க குளுரவச்சது போதும் மாப்ள, இனி நம்ம மீனக் குளுரவைப்போம்" என்று வந்து சேர்ந்தவன். நான் ராமநாதபுரத்தில் வேதியியல் பட்டம் வாங்கி, வாத்தியார் வேலைக்கு அலைந்து செருப்புத் தேய்ந்து, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று உள்ளே வந்தவன். ஓய்வு பெறும் வரை அந்த ஆறு மாதம் முடியவே இல்லை. அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். அவன் வீட்டு நோன்புக் கஞ்சி என் வீட்டுக்கு வரும், என் வீட்டுப் பொங்கல் அவன் வீட்டுக்குப் போகும். அதைப் பெரிய விஷயமாக நாங்கள் இருவரும் நினைத்ததே இல்லை.

ஒரு மத்தியானம் வால்வில் சுற்றியிருந்த பேக்கிங் பிய்த்துக்கொண்டு அமோனியா சீறியது. நான் அதற்கு நேர் எதிரே நின்றேன். கண் எரிந்து, திசை தெரியாமல், வாசல் என்று நினைத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டேன். நைனாதான் வந்து தன் துண்டை என் மூஞ்சியில் அப்பி, காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போட்டான். போட்ட கையோடு குழாயைத் திறந்து, வாசலில் பூத்தூறலாகத் தண்ணீரை விசிறினான். வெளியே பரவ வந்த வாயு அந்தத் தூறலிலேயே அடங்கியது. இதில் ஒன்று கவனியுங்கள். தரையில் திரவமாகக் கொட்டிக் கிடக்கும் அமோனியா மேல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், சூடேறி இன்னும் அதிகமாகக் கிளம்பும். அவன் காற்றில் வந்ததைத்தான் தண்ணீரால் பிடித்தான்.

சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். என் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"ஏன் மாப்ள, நீதான் படிச்சவன். இந்தத் தண்ணிக்கும் அமோனியாவுக்கும் அப்படி என்ன கொண்டாட்டம்? கண்டதும் போய் ஒட்டிக்கிருதே" என்றான் நைனா.

கல்லூரியில் இருமுனைத் திருப்புத்திறன் என்று படித்ததைச் சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான். அதனால் நாட்டுப்படகு வல்லத்தை வைத்துச் சொன்னேன்.

"ஒரு வல்லத்துல ரெண்டு கயிறு கட்டி, ரெண்டு பேரு கரையில கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்னு இழுத்தா என்னாகும்?"

"கரைக்கு வரும்."

"அதே பலத்துல ஒருத்தன் வடக்க நின்னும் ஒருத்தன் தெக்க நின்னும் இழுத்தா?"

"வல்லம் அங்கனயே கெடக்கும். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குனதுதான் மிச்சம்."

அவ்வளவுதான் விஷயம். தண்ணீரில் ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஆக்சிஜன் பேராசை பிடித்தது, எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இரண்டு ஹைட்ரஜனும் நேர்கோட்டில் நிற்கவில்லை, வளைந்து ஒரே பக்கமாக நிற்கின்றன. ஆகவே இரண்டு இழுவையும் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிஜன் இருக்கும் பக்கம் கொஞ்சம் மைனஸ், மறுபக்கம் கொஞ்சம் பிளஸ். அமோனியாவில் நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் மூன்று. மூன்றும் மின்விசிறி இறக்கை மாதிரித் தட்டையாக விரிந்து நின்றிருந்தால் இழுவை ஒன்றையொன்று தின்று சரியாகிப் போயிருக்கும். அது அப்படி நிற்பதில்லை. டீக்கடை மேசையில் மூன்று விரலை ஊன்றிக் காட்டினேன். முக்காலி மாதிரி நிற்கிறது. தலையில் மைனஸ், கால்களில் பிளஸ். இதன் பிளஸ்ஸைத் தண்ணீரின் மைனஸ் பிடிக்கும், இதன் மைனஸைத் தண்ணீரின் பிளஸ் பிடிக்கும். விட்டுப் போகாது. ஈரத்துண்டு நம்மைக் காப்பாற்றுவது இந்தப் பிடிப்பினால்தான்.

"அப்ப எல்லாக் காத்தையும் தண்ணி புடிச்சுக்கிருமா?"

"இல்ல மாப்ள. கரியமில வாயுன்னு ஒண்ணு. நடுவுல கார்பன், ரெண்டு பக்கமும் ஆக்சிஜன். ஒரே நேர்கோடு. ஒருத்தன் வடக்க, ஒருத்தன் தெக்க. ரெண்டும் பலமாத்தான் இழுக்கும், கூட்டிப் பாத்தா சைபர். தண்ணிக்குப் பிடிமானம் இல்ல."

"சோடாவுல அதான கரைஞ்சு கெடக்கு?"

நைனா லேசுப்பட்டவன் இல்லை. "அமுக்கித் திணிச்சு வச்சிருக்கோம். மூடியத் தெறந்ததும் பிச்சுக்கிட்டு ஓடுதுல்ல?" என்றேன்.

அவன் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அது எதுக்கு மாப்ள நம்ம கம்பெனிக்கு வருது? நமக்கு இந்த முக்காலி போதும்."

பிறகு அவனுக்கு இது ஒரு பெருமையாகிப் போயிற்று. புதிதாக வரும் ஆட்களிடம் மூன்று விரலை ஊன்றிக் காட்டுவான். அவன் தம்பி காதர் லோடு ஏற்றும் வேலைக்கு வந்தபோதும் முதல் நாளே காட்டினான். "துண்டு காயவுட்றாதலே. ஈரம் இருக்கவரைக்கும் உசுரு இருக்கு." காதருக்கு அண்ணன்தான் எல்லாம். அவர்கள் வழக்கப்படி காக்கா, காக்கா என்று பின்னாலேயே திரிவான். வாப்பா இல்லாத பையனை நைனாதான் ஆளாக்கினான்.

அந்த வருடம் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன வாரம். கரையில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐஸ் கேட்டுச் சண்டை, வண்டி நிறுத்தச் சண்டை. எங்கள் கம்ப்ரசர் ஒன்று படுத்துவிட்டது. நண்டு ஏற்றுமதி செய்கிற ஒரு வியாபாரி பொறுக்கமாட்டாமல் வெளியூரிலிருந்து உலர்பனிக்கட்டி வரவழைத்தார். டிரை ஐஸ் என்பார்களே, அதுதான். எங்கள் வளாகத்துக்குள் அது வந்தது அன்றுதான் முதல்முறை. அது கரியமில வாயுவை அழுத்தி உறையவைத்த கட்டி. உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகும். காற்று புகாத கூண்டு வண்டியில், கதவு சாத்தி, வெயிலில் அத்தனை தூரம் வந்திருந்தது. உள்ளே என்ன நிறைந்திருக்கும் என்று இப்போது நீங்களே சொல்வீர்கள்.

நான் அப்போது கம்ப்ரசர் அறையில் பிரித்துப்போட்ட சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்ததையே பார்க்கவில்லை. வெளியே நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மேடையை ஒட்டிப் பின்பக்கமாக வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை தரையோடு தரையாக வழிந்திருக்கிறது. லோடு ஆட்கள் பின்வாங்கியிருக்கிறார்கள். நைனா மூக்கை நீட்டி மோந்து பார்த்திருக்கிறான்.

"நெடியே இல்லையப்பா. நம்ம ஆளா இருந்தா இந்நேரம் மூக்கப் பிச்சிருக்கும். இது பூனையாட்டம் கெடக்கு. இதுக்குப் போயி பயந்து ஓடுறீக" என்று கேலி பேசிவிட்டு, குழாயடியில் துண்டை நன்றாக நனைத்து, மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினான். நண்டு அடைக்கும் காலிப் பெட்டிகள் முன்னால் இருந்தன, கட்டிகள் கடைசியில் இருந்தன. கட்டிகளை எடுக்கக் கடைசி வரை போனான்.

அவன் முட்டாள் இல்லை, தம்பிகளா. அவசரப்பட்டு அப்படிச் சொல்லாதீர்கள். அவன் வாழ்நாள் முழுக்கப் பழகிய ஆபத்துக்கு நெடி உண்டு, மருந்தாகத் தண்ணீரும் உண்டு. அந்த ஒழுங்கை அவன் ஒரு நாளும் மீறியதில்லை, அன்றைக்கும் மீறவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினவன் இல்லை, வெளுத்ததைப் பார்த்ததும் முறையாக முகத்தைக் கட்டிக்கொண்டு போனவன். இந்த வேலையில் இல்லாதவன் யாராவது இருந்திருந்தால் புகையைக் கண்டு ஒதுங்கியே நின்றிருப்பான்.

கூச்சல் கேட்டு நான் ஓடிவந்தபோது கூண்டின் கடைசியில் நைனாவின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. மேடையில் காதர் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாக்கில் சுற்றி அடுக்கிவைத்த கட்டிகள், கீழே வழியும் வெள்ளை, நெடியில்லாத காற்று. எல்லாம் ஒரே பார்வையில் கண்ணில் பட்டது. டீக்கடை மேசை ஞாபகத்துக்கு வந்தது. வடக்கே ஒருத்தன், தெற்கே ஒருத்தன்.

எனக்கு முன்னால் ஷிப்ட் பார்த்தவர் ஒருவர், பெயர் வேண்டாம், அடிக்கடி ஒன்று சொல்வார். "மொதல்ல நில்லு. அப்புறம் ஓடு." அவர் சொன்னபோதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருக்கும். அன்று என் காலே என் பேச்சைக் கேட்காமல் கூண்டுக்குள் பாயப் பார்த்தது. உள்ளே கிடந்தவன் என்னைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டவன். நான் நின்றேன். நின்று, காதரின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"விடுங்கண்ணே! காக்கா கெடக்குறாக!"

"போகாதலே! துண்டு நிக்காது! இது வேற காத்துடா!"

"விடுடா என்னய!" என்று திமிறி என் வாயில் ஒரு குத்து விட்டான். பல் ஆடி ரத்தம் வந்தது. நான் விடவில்லை. "ஒருத்தனும் ஏறக்கூடாது!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்தில் நண்டு தரம்பிரிக்கும் கூடத்தில் இருந்த பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து கூண்டுக்குள் காற்றடிக்கச் சொன்னேன். கரியமில வாயு காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வடியும். டிரைவரை முன்பக்கச் சக்கரத்தைச் சரிவில் ஏற்றச் சொன்னேன். கூண்டின் வாய் தாழ்ந்து உள்ளே இருந்தது வழிந்து வெளியேறத் தொடங்கியது. ஐஸ் பாளத்தை இழுக்கிற கொக்கிக் கம்பு எட்டவில்லை. இரண்டு கம்பை ஒன்றாகக் கட்டி வெளியில் நின்றபடியே நீட்டினோம். கொக்கி அவன் பெல்ட்டில் மாட்டியது. பாளத்தை இழுப்பது போலவே அவனையும் இழுத்தோம். ஐயோ, அதை நான் எப்படி எழுதுவேன்.

அதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. ஒரு மனிதன் மூச்சில்லாமல் கிடக்க, அவன் தம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம் நேரம் கேட்கக் கூடாது.

நெஞ்சை அழுத்திப் பார்த்தோம். வாயில் ஊதிப் பார்த்தோம். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவன் கழுத்தில் கிடந்த துண்டை நான்தான் அவிழ்த்தேன். அது இன்னும் சொட்டச் சொட்ட ஈரமாகத்தான் இருந்தது.

பெரியபட்டினத்தில் மையத்தை அடக்கம் செய்ய எடுத்தபோது நானும் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனேன். காதர் என்னைப் பார்த்தான். அழுது வீங்கிய கண்.

"உசுரோட கெடக்கயில உள்ள போகாதவரு, மௌத்தான பெறகு தோள் குடுக்க வேணாம்" என்றான்.

சுற்றியிருந்த பெரியவர்கள் அவனை அதட்டினார்கள். நான் விலகிக்கொண்டேன். கபருஸ்தான் வரைக்கும் கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கேவலமாகப் பேசியிருப்பேன்.

நைனாவின் மனைவி ரமீஸா இத்தாவில் இருந்தாள். கணவன் போன பிறகு அவர்கள் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அந்தக் கெடு முடிந்ததும் எனக்கு ஆள் அனுப்பினாள். போனேன். கூடத்துக் கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். வாசல்படியில் காதர் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

"கேளும்மா."

"அன்னைக்கு அவுக கனத்த துண்டு காயல. கொடியில ஈரமாக் கெடந்துச்சு. கல்யாண வீட்டுல குடுத்த மெல்லிசுத் துண்டத்தான் குடுத்துவிட்டேன். இது எதுக்கு ஆகும்ண்டு அவுக சிரிச்சுக்கிட்டேதான் வாங்கிட்டுப் போனாக." குரல் உடைந்தது. "அந்தக் கனத்த துண்டு இருந்திருந்தா அவுக இருந்திருப்பாகள்ல?"

அந்தப் பெண் இத்தனை மாதமும் ஒரு அறைக்குள் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கொடியில் காயாமல் கிடந்த ஒரு துண்டு தன் புருஷனைக் கொன்றுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். படித்த படிப்பு எனக்கு ஒரு வாத்தியார் வேலைகூட வாங்கித் தரவில்லை. அன்றைக்கு அந்தத் திரைக்கு முன்னால் அது எனக்குத் தேவைப்பட்டது.

"ரமீஸா, நைனா உங்கிட்ட மூணு வெரல ஊண்டிக் காட்டியிருக்கானா?"

"ஊருக்கே காட்டுனாகளே."

"அது அமோனியா. அது கோணலா நிக்கும், அதனால தண்ணி அதப் புடிக்கும். அன்னைக்கு உள்ள இருந்தது வேறம்மா. அது இப்படி நிக்கும்." நான் எழுந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக நீட்டினேன். திரைக்குப் பின்னால் அவளுக்கு நிழலாகத் தெரிந்திருக்கும். "ரெண்டு பக்கமும் சரிக்குச் சரியா இழுக்கும். அதுக்குத் தலையும் கெடையாது காலும் கெடையாது. தண்ணி எங்கனயும் புடிக்க முடியாது. கனத்த துண்டு, மெல்லிசுத் துண்டு, பத்துத் துண்ட ஒண்ணா மடிச்சுக் கட்டுனாலும் அது பாட்டுக்கு உள்ள வரும். அப்படியே தடுத்தாலும் மூச்சுக்கு வேண்டிய காத்து அங்கன இல்ல. துண்டால காத்த உண்டாக்க முடியுமா?"

நீட்டிய கைகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப எந்தத் துண்டும் காப்பாத்தியிருக்காதா?"

"காப்பாத்தியிருக்காதும்மா. சத்தியம்."

திரைக்கு அந்தப் பக்கம் அவள் வாய்விட்டு அழுதாள். செத்த வீட்டு அழுகையை நிறையக் கேட்டிருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது. அழுது முடித்து, "அவுக கட்டியிருந்த அந்த மெல்லிசுத் துண்ட நான் இன்னும் தொவைக்கல அண்ணே. பாக்கப் பயமாருந்துச்சு. இன்னைக்குத் தொவைச்சுருவேன்" என்றாள்.

நான் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது காதர் பைக்கை உதைத்துக் கிளப்பினான். "ஏறுங்க" என்றான். பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். கைகளை நீட்டி நான் சொன்னதையெல்லாம் வாசல்படியில் உட்கார்ந்து அவனும் கேட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். இறங்கினேன். அவன் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உள்ள போயிருந்தா?"

"நீயும் அவன் பக்கத்துலதான் கெடந்திருப்ப. ஒன் பின்னாடி வந்த ரெண்டு பேரும் கெடந்திருப்பாங்க. ரமீஸாவுக்கு ஒரு வாய்த்தண்ணி குடுக்கக்கூட வீட்டுல ஆம்பளை இருந்திருக்க மாட்டான்."

அவன் மூக்கை உறிஞ்சினான். பஸ் வருகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு வாயில குத்துனது ரொம்ப வலிச்சுச்சாண்ணே?"

"வலிச்சுச்சு."

"இன்னும் நாலு குத்து குத்தியிருந்தா விட்டிருப்பீகளா?"

"விட்டிருக்க மாட்டேன்லே."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பஸ்ஸை விட்டுவிட்டேன், அடுத்த பஸ்ஸில்தான் ஊருக்குப் போனேன்.

தம்பிகளா, தங்கச்சிகளா, துண்டு தப்பித்து வெளியே வருவதற்கு, உள்ளே போவதற்கு அல்ல. உள்ளே இருப்பது எந்தக் காற்று, அது எப்படி நிற்கிறது என்று தெரியாதவரை ஒருவரும் ஏறக்கூடாது. இதை நீங்கள் கேட்டுக்கொள்வீர்கள், தலையை ஆட்டுவீர்கள். உங்களை நிறுத்திக்கொள்வதுகூட எப்படியோ முடிந்துவிடும். என்றைக்காவது ஒரு நாள், உள்ளே கிடக்கிறவனின் தம்பியோ மகனோ உங்கள் கைப்பிடிக்குள் இருப்பான். திமிறுவான், அடிப்பான், சாபம் விடுவான். விடாதீர்கள்.